ஒருவரும் விரும்பாத வாத்தியம்

கோயில் வீதியிலே நாதஸ்வரக் கச்சேரி நிகழும்போது நாயனகாரரின் விரல்களையும் தவிற்காரரின் கைகளையும் கண்டு மெய்ம்மறந்து நின்றோர், அவர்களுக்கு அருகே ஒரே சுரத்தை இடையறாது ஊதிக்கொண்டு நின்ற ஒத்துக்காரரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவர் பெயரை விசாரித்தவரும் அரியர். போதாக்குறைக்கு, பிறர் கூறுவதற்கெல்லாம் ஆமென்று தலையசைப்பவனை ‘ஒத்தூதுகிறான்’ என்று ஏளனம் செய்யும் வழக்கொன்றும் தமிழிலே நிலைத்துவிட்டது. ஆயினும் அந்த ஒத்து ஒரு கணம் ஓய்ந்தால், நாயனத்தின் காலடியிலிருந்து நிலம் நழுவினாற் போன்ற வெறுமையைச் செவியுடையோர் உணர்வர். இப்பொழுது சுருதிப்பெட்டி பெரும்பாலும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டமையால், இளந்தலைமுறையினருள் ஒத்துக்காரரைக் கண்டறியாதோரும் உளர்.

மேனாட்டு மெல்லிசைக் குழுக்களிலே ஏறக்குறைய இதே இடத்தில் நிற்பது பேஸ் கிற்றார் எனப்படும் தாழ்சுருதிக் கிற்றார். ஒத்தைப் போல் அஃது ஒரே சுரத்தில் நிற்பதன்று, பாடலோடு நகர்வது. ஆனால் கேட்போர் கவனத்துக்கு எட்டாதிருப்பதிலும், ஓய்ந்தால் மட்டுமே உணரப்படுவதிலும் இரண்டும் ஓரினமே. சாதாரணக் கிற்றாருக்கு நரம்புகள் ஆறு, இதற்கு நான்கு. கிற்றாரின் தடித்த நான்கு நரம்புகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை சுருதி கூட்டப்படும். அங்கே அடிநரம்பு விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர, இங்கே 41 முறையே அதிரும். பாடல் எந்தச் சுரத்தின்மேல் ஊன்றி நிற்கின்றது என்பதைக் காட்டுவதும், ட்ரம்ஸ் அடிப்பவரோடு இணைந்து தாளத்துக்கு உடல் கொடுப்பதும் இவ்வாத்தியகாரருடைய பணி.

முன்னர் இப்பணியைச் செய்தது டபிள் பேஸ். ஆளுயரத்தையும் மிஞ்சி நிற்கும் பெரிய வாத்தியம் அது. அதனை மோட்டார் வண்டியின் கூரைமேற் கட்டிக்கொண்டு ஊரூராகச் செல்வது கலைஞர்களுக்குப் பெருந்துன்பம். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனாலும், பித்தளை ஊதுகருவிகளும் மின்சாரக் கிற்றாரும் முழங்கும் மேடையிலே அதன் ஓசை அமிழ்ந்துபோகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலே போல் டட்மார்க் என்பவர் 1930களின் நடுப்பகுதியில் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. பரவச் செய்தவர், கலிபோர்ணியாவில் ஃபுலர்ட்டன் என்னும் ஊரிலே வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். 1951ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். வீணையிலுள்ளவை போன்ற மெட்டுக்கள் அதிற் பதிக்கப்பட்டிருந்தமையால் விரல் வைத்த இடத்திற் சுரம் பிசகாது. அதனாலேயே துல்லியம் என்னும் பொருள்பட ‘பிரெசிஷன்’ என்று அதற்குப் பெயரிட்டார். அதன் நரம்பு நீளமாகிய 34 அங்குலமே இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அளவு. இத்தனையும் செய்த ஃபெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது!

இக்கருவியை ஆசைக்காகப் பயில்வோர் கதையை அறிய விரும்புவோர், அது பிறந்த அமெரிக்காவைக் காட்டிலும் பிரித்தானியாவை நோக்குதல் நன்று. போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடியினால், அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்வதற்கு அந்நாட்டில் 1959 வரையிலே தடை இருந்தது. ஃபெண்டர் கருவியை இளைஞர்கள் படங்களிற் கண்டார்களேயன்றிக் கையால் தொட்டதில்லை. இந்த நிலையில் 1956ஆம் ஆண்டு லொனி டொனகன் என்ற பாடகரின் இசைத்தட்டொன்று புகழ்பெற, ‘ஸ்கிஃபிள்’ என்னும் எளிய இசைமுறை நாடெங்கும் பரவிற்று. பள்ளி மாணவரும் தொழிலாளரும் வீட்டிற் கிடைத்த பொருள்களைக் கொண்டே குழுக்கள் அமைத்தனர். உடுப்புத் தோய்க்கும் தகரப் பலகை தாளக் கருவியாயிற்று. பேஸ் வாத்தியமாக வந்ததோ தேயிலைப் பெட்டி!

இலங்கை மலைநாட்டிலும் இந்தியாவிலும் தேயிலை நிரப்பப்பட்டுக் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்த அதே ஒட்டுப்பலகைப் பெட்டிதான். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் நடுவிலே துளையிட்டு ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தும்புத்தடியொன்றின் உச்சியிற் பிணைப்பர். தடியின் அடியைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிச் சாய்த்தால் கயிறு இறுகிச் சுரம் உயரும், தளர்த்தினால் தாழும். மெட்டும் இல்லை, அடையாளமும் இல்லை. செவி ஒன்றே துணை. லிவர்பூலிலே ஜோன் லெனன் என்னும் பள்ளி மாணவர் அமைத்த ‘குவொரிமென்’ குழு 1957 யூலை 6ஆந் திகதி தேவாலய விழாவொன்றில் வாசித்தபோது, அவர்களிடமிருந்த பேஸும் இத்தகைய பெட்டியே. அன்றைய தினந்தான் போல் மக்காட்னி லெனனை முதன்முதற் சந்தித்தார்.

அக்குழுவே பின்னர் பீற்றில்ஸ் என்று பெயர்பெற்றது. ஆனால் 1960ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதற்கு நேர்ந்திருந்த குறை விசித்திரமானது: லெனன், மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன் ஆகிய மூவரும் கிற்றார் வாசிப்போர்; பேஸ் வாசிக்க ஒருவருமில்லை; மூவருள் ஒருவரேனும் அவ்விடத்துக்கு இறங்கி வர மனங்கொள்ளவுமில்லை. முன்வரிசையில் நின்று பாடுபவனையே பெண்கள் பார்ப்பர். பேஸ் என்பது பின்னால் நிற்கும் பருத்த ஆளுக்குரியது என்பதே அக்காலத்து எண்ணம் என்று மக்காட்னி பிற்காலத்திலே கூறியிருக்கிறார். லெனனின் நண்பர் ஸ்ருவாட் சட்கிளிஃப் அப்போது லிவர்பூல் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றுகொண்டிருந்தார். வோக்கர் கலைக்கூடத்துக் காட்சியில் வைக்கப்பெற்ற அவருடைய ஓவியமொன்றை வணிகர் ஜோன் மூர்ஸ் 65 பவுணுக்கு வாங்கினார். கையிற் பணம் வந்ததுதான் தாமதம், நண்பர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஹோஃப்னர் என்னும் ஜேர்மன் நிறுவனத்தின் பெரிய பேஸ் ஒன்று அவர் தோளில் ஏறிற்று. வாத்தியம் இருந்தது, வாசிக்கத் தெரியாது.

இவ்விடத்திலே சட்கிளிஃபைப் பழித்துப் பேசுதல் எளிது, பலர் பேசியுமிருக்கின்றனர். ஆனால் அவர் தூரிகை பிடிக்கப் பிறந்தவர். நட்பின் பொருட்டே நரம்பில் விரல் வைத்தவர். 1960 ஓகஸ்டில் குழு ஹம்பேர்க் நகரத்துக்குச் சென்று, இரவுதோறும் மணிக்கணக்காக வாசித்தது. அடுத்த ஆண்டே அவர் குழுவை விட்டு விலகி, அந்நகரத்துக் கலைக் கல்லூரியிற் சேர்ந்து ஓவியத்துக்குத் திரும்பினார். 1962 ஏப்ரல் 10ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது அவருக்கு வயது 21. பேஸ் வாசித்தமையால் உலகம் இன்றும் அவர் பெயரை நினைக்கிறது. அவர் நினைக்கப்பட விரும்பியிருப்பது ஓவியத்தாலேயே என்பதில் ஐயமில்லை.

வெறுமையான இடத்துக்கு மக்காட்னி தள்ளப்பட்டார். ஹம்பேர்க் கடையொன்றிலே, வயலின் வடிவில் அமைந்த ஹோஃப்னர் பேஸை ஏறக்குறைய 30 பவுணுக்கு 1961இல் வாங்கினார். ஃபெண்டர் கருவிக்கு அவரிடம் பணமில்லை. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கைக் கருவியைத் தலைகீழாய்ப் பிடித்தால் மற்றைய வடிவங்கள் அலங்கோலமாய்த் தோன்றும். இதுவோ இருபுறமும் ஒத்த வடிவினது. இவ்வளவே அவர் தெரிவுக்குக் காரணம். உள்ளே கூடாகவும் இலேசாகவும் இருந்த அக்கருவி கழுத்தையும் தோளையும் வருத்தாததால், விரல்கள் தாராளமாக ஓடின. அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிராது, பாடலுக்குள்ளே வேறொரு பாட்டாகப் பேஸ் நடக்கலாம் என்பதைச் சில ஆண்டுகளுள் அவர் உலகுக்குக் காட்டினார். 1972இல் இலண்டனிலே வண்டியொன்றிலிருந்து களவாடப்பட்ட அந்த முதற் கருவி, அரை நூற்றாண்டு கழிந்து, மீண்டும் அவர் கைக்கு வந்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளியாயிற்று.

பேஸ் வாசிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் கிற்றாரின் பளபளப்பிலே பணத்தைக் கொட்டிவிட்டு, ஒலிபெருக்கியை மறந்துவிடுகின்றனர். பெரும் பிழை அது. தாழ்ந்த சுரம் செவிக்கு எட்ட வேண்டுமாயின் மிகுந்த காற்றை அசைத்தாக வேண்டும்; அதற்குப் பெரிய கூம்பும் வலிய பெட்டியும் தேவை. அன்றியும், தாழ்ந்த ஓசைகளை மனிதச் செவி எளிதிற் பற்றுவதில்லை. சாதாரணக் கிற்றாருக்குரிய சிறிய ஒலிபெருக்கியிற் பேஸை உரக்க வாசித்தால் சுரத்துக்குப் பதிலாகச் சலசலப்பே எழும். கூம்பு கிழிந்துபோவதும் உண்டு. லிவர்பூல் இசைஞர் ஏட்ரியன் பார்பர் 15 அங்குலக் கூம்பு பொருத்திச் செய்துகொடுத்த பெட்டி மக்காட்னியின் பேஸுக்கு வாய்த்தது. அதன் உருவத்தைக் கண்டு எல்லோரும் அதனைச் ‘சவப்பெட்டி’ என்றே அழைத்தனர். கிற்றாரைப் பொறுத்தமட்டில், விரல் குறுகியோருக்கும் இளம் பிள்ளைகளுக்கும் 30 அங்குல நீளமுள்ளது போதும். ஹோஃப்னரின் அளவும் அதுவே.

பெட்டியின் மகிமைக்கு இலண்டனிலே வேறொரு சான்றுண்டு. வில்லியம் பேர்க்ஸ் என்பவர் விமானப் படையிற் சேவை முடித்து, பகலிலே பொறியியல் நிறுவனமொன்றில் வேலைபார்த்து, மாலையில் ஒரு சிறு குழுவிலே கிற்றார் வாசித்து வந்தவர். பில் வைமன் என்பது அவர் பின்னாளிற் சூடிக்கொண்ட பெயர். 1961இல் நடன மண்டபமொன்றிலே வேறொரு குழுவின் பேஸ் ஓசை அவர் வயிற்றிலே சென்று மோதிற்று. அன்றே தமது இடம் எது என்று தெரிந்துகொண்டார். சட்கிளிஃப் நட்புக்காக ஏற்றதை, மக்காட்னி வேறு வழியின்றி ஏற்றதை, இவர் தாமே தேடிச் சென்றார். எட்டுப் பவுண் கொடுத்து ஒரு மலிவான பேஸை வாங்கி, அதன் மரத்தை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்த மெட்டுக்கள் இரைந்தமையால் அவற்றையும் பிடுங்கி எறிந்தார், புதியன வாங்கிப் பதிக்கலாம் என்ற எண்ணத்தோடு. மெட்டில்லாத கழுத்திலே வாசித்துப் பார்த்தபோது, டபிள் பேஸின் குழைவான நாதம் பிறந்தது. புதிய மெட்டுக்கள் வாங்கப்படவேயில்லை. தொழிற்சாலையொன்று மெட்டில்லாப் பேஸை விற்பனைக்குச் செய்தது அதற்குச் சில ஆண்டுகள் கழிந்த பின்னர், 1966இலே.

1962 டிசம்பரில், பெயரெடுக்காத இளைஞர் குழுவொன்று பேஸ்காரரைத் தேடுவதாகக் கேள்வியுற்று, வைமன் பரீட்சைக்குச் சென்றார். அவருக்கு வயது 26, மனைவியும் கைக்குழந்தையும் உடையவர், துப்புரவாக உடுத்தியிருந்தார். அங்கிருந்தவர்களோ இருபதை ஒட்டிய வயதினர். தலைமயிர் கலைந்து, வாடகைக்கும் வழியின்றி வாழ்ந்தவர்கள். அவரை அவர்கள் வரவேற்ற விதத்தில் அன்பு இருக்கவில்லை. அவர் கொணர்ந்த ஒலிபெருக்கிகளையும் பெரும் பெட்டியையும் கண்டதும் முகம் மலர்ந்தது என்று வைமனே எழுதியிருக்கிறார். ஆளைவிடப் பெட்டிக்காகவே இடம் கிடைத்தது எனலாம். அக்குழுவின் பெயர் றோலிங் ஸ்ரோன்ஸ்.

பெட்டி வாசலைத் திறந்ததே தவிர, முப்பது ஆண்டுகள் உள்ளே இருத்தியது பெட்டியன்று. அடுத்த மாதம் சார்லி வொட்ஸ் ட்ரம்ஸ் அடிக்க வந்து சேர்ந்தார். ட்ரம்ஸ்காரரின் காலடியிலுள்ள பெரிய முழவு விழும் இடமும் பேஸ் நரம்பு ஒலிக்கும் இடமும் பொருந்திவிட்டால், கிற்றார்களும் குரல்களும் எங்கு அலைந்தாலும் பாடல் சிதறாது. தனியறையிலே விரைந்த விரல் ஓட்டங்களைப் பழகிவிட்டு முதன்முதற் குழுவுக்கு வரும் ஆர்வலர்களுக்கு இது கசப்பான பாடம். கிடைத்த இடைவெளியையெல்லாம் சுரங்களால் நிரப்பத் தொடங்குவர்; பாடகர் மூச்சுவிட இடமிராது. அடுத்த கிழமை வேறொருவரை அழைப்பர். வைமனோ சிக்கனக்காரர். மேடையிலே கருவியை ஏறக்குறைய நெட்டாக நிமிர்த்திப் பிடித்தபடி, முகத்தில் அசைவின்றி, ஒரு பக்கத்தில் நிற்பார். முன்னே ஆடிப்பாடுவோரைப் பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோருள் அவரை நோக்கியோர் சிலரே.

1993ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் விலகிய செய்தி வெளியாயிற்று. அன்று தொட்டு டெரில் ஜோன்ஸ் என்னும் தேர்ந்த கலைஞர் அக்குழுவோடு பேஸ் வாசித்து வருகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் குழுவின் அங்கத்தினர் பெயர் வரிசையிலே அவர் பெயர் சேர்க்கப்படவில்லை.