வேலை தேடும் நாளில் தோள் கொடுப்பது நட்பே!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வேலையில்லாத காலத்தில் ஒருவரைத் தாங்கி நிற்பது குடும்பமே! நட்பே!’ — ‘நட்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால் பேசிய சகோதரி மிக அழகாகப் பேசினார். வேலையில்லாமல் வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு அம்மா சூடாக ரசம் ஊற்றுவதைச் சொன்னார் பாருங்கள், எனக்கே பசி வந்துவிட்டது. நடுவர் அவர்கள்கூடக் கடிகாரத்தைப் பார்த்தார். என் நேரம் முடிந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் பசி! (சிரிப்பு)

ஐயா, ரசம் பொய்யில்லை. அந்த ரசத்தை நான் குடித்திருக்கிறேன். எம்.ஏ., எம்.ஃபில். தமிழ் முடித்து, 1992 முதல் இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருந்தவன் நான். அந்தக் காலத்தில் எம்.ஏ. தமிழ் என்று சொன்னால், “சரி தம்பி, வேற என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதில்தான் எதிர்காலமே இருக்கிறது என்று நம்பிய தலைமுறை எங்களுடையது.

எங்கள் அப்பா பேசவே மாட்டார். காலையில் நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, ஆணியில் தொங்குகிற என் சட்டைப் பையில் ஐந்து ரூபாய் வைப்பார். நான் பார்க்காத மாதிரி எடுத்துக்கொள்வேன். நான் எடுத்துக்கொண்டது தெரியாத மாதிரி அவர் இருப்பார். இரண்டு ஆண்டு அப்பாவும் பிள்ளையும் நடித்தோம் ஐயா! அம்மா தெருவில் போய், “பையன் மேல படிக்கான்” என்று சொல்லிவிட்டு வருவாள். மூன்றாவது நடிகை! (சிரிப்பு)

அந்த நடிப்புக்குள் அன்பு இல்லையா? மலையளவு இருந்தது. ஆனால் அன்பு மிகுந்த இடத்தில்தான் ஒருவன் தன் தோல்வியைச் சொல்லத் தயங்குகிறான். எதிரணி நண்பர் சொன்னார்: “நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தது குடும்பம்” என்று. உண்மை. அதனால்தான் ஐயா அவனால் வாயைத் திறக்க முடியவில்லை! அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்க்கிற ஒவ்வொரு வேளையும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை என்றால் வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

வேலை போனவனுக்குப் பணம் மட்டும்தான் போகிறது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரியா நாட்டில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். மேரி யஹோடா என்ற அம்மையாரும் அவருடைய நண்பர்களும் அந்த ஊருக்குப் போய் ஆராய்ந்து, 1933-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். என்ன கண்டார்கள்? கைநிறைய நேரம் இருக்கிறது. ஊரில் நூலகமும் இருக்கிறது. ஆனால் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் ஆண்களின் நடை தளர்ந்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் இல்லாதவனுக்கு வேகமாக நடக்க என்ன காரணம் இருக்கிறது?

வேலையில்லாதவனுக்குச் சோற்றைப் போலவே இன்னொன்றும் வேண்டும். காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும். “ஏன்லே லேட்டு?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அதைக் கொடுப்பது யார்?

எனக்குக் கொடுத்தது பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சு. நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் தமிழ், ஒருவன் கணக்கு, ஒருவன் வரலாறு. காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும். இரண்டு டீ, நாலு கிளாஸ். கடைக்கார அண்ணாச்சி, “எங்க கடை டீயை அளந்து குடிக்கிறவங்க நீங்கதாம்ல” என்பார். அங்கிருந்து மாவட்ட மைய நூலகம். பேப்பரில் வந்த வேலை விளம்பரத்தை ஒருவன் படிப்பான், ஒருவன் எழுதுவான். போஸ்டல் ஆர்டர் வாங்க ஒருவன். சான்றிதழ் நகலில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியைத் தேடி ஒருவன். எங்களுக்கு வேலைதான் இல்லையே தவிர, ஒரு நாளும் நாங்கள் சும்மா இருந்ததில்லை ஐயா!

வீட்டுக்குப் போனால் “என்னப்பா ஆச்சு?” என்று கேட்பார்கள். அது முடிந்து போனதைப் பற்றிய கேள்வி. பெஞ்சுக்குப் போனால் “அடுத்து என்னலே?” என்று கேட்பார்கள். அது வரப்போவதைப் பற்றிய கேள்வி. (கைதட்டல்)

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1994-ல் எனக்கு மஞ்சள் காமாலை. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் கிராமத்தில் படுத்த படுக்கை. கண்ணும் மஞ்சள், உலகமும் மஞ்சள். ஒரு நாள் மத்தியானம் வாசலில் நிற்கிறான் என் நண்பன், அந்த இன்னொரு தமிழ் எம்.ஏ. வேர்த்து ஒழுக வந்து நிற்கிறான். கையில் பேப்பரில் கத்தரித்த விளம்பரம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் வேலை. கடைசித் தேதிக்கு நான்கே நாள். என்னைப் படுக்கையிலேயே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினான். சான்றிதழ் நகல்களை எடுத்துக்கொண்டு போனான். பச்சை மை கையெழுத்து வாங்கி, அவன் விண்ணப்பத்தோடு என் விண்ணப்பத்தையும் தபாலில் சேர்த்தான்.

அந்தக் கல்லூரியில் எத்தனை இடம் தெரியுமா ஐயா? ஒன்றே ஒன்று!

எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு போட்டி குறைந்திருக்கும். “தெரியாதேலே, நான் பேப்பரே பார்க்கல” என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஒரு மாதம் கழித்து இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். வேலை எனக்குக் கிடைத்தது. வெளியே வந்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. “ஏம்லே என்கிட்டச் சொன்ன?” என்று கேட்டேன். அவன் சொன்னான்: “நீ வரலைன்னா மதுரை வரைக்கும் நாலு மணி நேரம் நான் யார்கிட்டலே பேசிக்கிட்டுப் போறது?” (பலத்த கைதட்டல்)

இன்று அவன் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர். இப்போதும் மாதம் ஒரு முறை நான்கு மணி நேரம் பேசுவோம். பஸ்தான் இல்லை.

நடுவர் அவர்களே, திருவள்ளுவர் இல்வாழ்க்கையை எங்கே வைத்தார்? அறத்துப்பாலில் வைத்தார். நட்பை எங்கே வைத்தார்? பொருட்பாலில், 79-ஆம் அதிகாரம் தொடங்கி ஐந்து அதிகாரம் வைத்தார். வறுமையைப் பேசுகிற நல்குரவு என்ற அதிகாரமும் அதே பொருட்பாலில்தான் இருக்கிறது. குடும்பம் நமக்கு அறம் ஐயா, மறுக்கவே மாட்டேன். ஆனால் வேலை தேடுவது என்பது பொருள் தேடுவது. அந்தப் பாதையில் கூட நடந்து வருபவன் நண்பன் என்று பாட்டனுக்குத் தெரிந்திருக்கிறது!

“இது உங்கள் காலத்துக் கதை, இன்றைக்கு எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது” என்று எதிரணியில் ஒருவர் சொல்வார். சொல்லட்டும். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களைக் கேட்டிருக்கிறார்: அந்தத் தகவலைச் சொன்னவரை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்களா, எப்போதாவதா? அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர் மூலம் வேலை பெற்றவர்கள். காரணம் எளிது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே செய்திதான் தெரியும். எனக்குத் தெரியாததை என் அப்பா எப்படிச் சொல்வார்? வெளியே நாலு திசையில் நடமாடுகிற நண்பன்தான், நண்பனுடைய நண்பன்தான் கொண்டுவர முடியும்.

2022-ல் குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்! அந்த முந்நூறில் ஒருவனாகத் தனியாக உட்கார்ந்து படித்தால் மனசு எத்தனை நாள் தாங்கும்? சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில் எத்தனை பிள்ளைகள்! ஒருவனுக்குக் கணக்கு வராது, பக்கத்தில் இருப்பவன் சொல்லிக் கொடுக்கிறான். அவனுக்குத் தமிழ் வராது, இவன் சொல்லிக் கொடுக்கிறான். இருவரும் ஒரே தேர்வுக்குப் போகிறவர்கள். எங்கள் டீக்கடை பெஞ்சு இன்றைக்கு ஏ.சி. அறைக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்!

2020-ல் கொரோனா ஊரடங்கில் என் பழைய மாணவன் ஒருவனுக்கு ஹோட்டல் வேலை போயிற்று. கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. அவனோடு படித்தவர்கள் ஏழு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அவர்கள் செய்ததைக் கேளுங்கள். “கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்” என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஒருவன் அவன் பயோடேட்டாவைத் திருத்திக் கொடுத்தான். ஒருத்தி தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து, “இன்னைக்கு எத்தனை இடத்துக்கு அனுப்புன?” என்று கேட்டாள். ஒருவன் அதிகாரி மாதிரி நடித்து அவனிடம் கேள்வி கேட்டுப் பழக்கினான். ஒருவன், அவன் கேட்காமலே, ஒரு மாத வீட்டு வாடகையை அனுப்பினான். ஐந்தாவது மாதம் ஒரு மருந்துக் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது.

தனியாக விடப்பட்டவனுக்கு ஆபத்தும் உண்டு ஐயா. 2022-ல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் தமிழகத்துப் பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டு, பிறகு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். பசியில் இருப்பவனுக்கு எந்த விளம்பரமும் நல்ல விளம்பரமாகத் தெரியும். “கொஞ்சம் பொறுடா, விசாரிப்போம். வேலை கொடுக்கிறவன் எதுக்குடா முன்பணம் கேட்கிறான்?” என்று சட்டையைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டாமா?

நிறைவாக ஒன்று. எங்கள் பெஞ்சில் நான்கு பேர் என்று சொன்னேன். மூன்று பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்லலாம். கணக்குக்காரன் வங்கிக்குப் போனான். நான் கல்லூரிக்குப் போனேன். நண்பன் பள்ளிக்குப் போனான். வரலாறு படித்தவன் மட்டும் மிச்சம். எங்களில் ஒவ்வொருவருக்காக வேலை கிடைக்கக் கிடைக்க, அவன் பெஞ்சுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். முதலில் வாரம் ஒரு நாள் வந்தான். பிறகு மாதம் ஒரு நாள். பிறகு வரவே இல்லை. வேலை கிடைத்த புதிதில் எங்களுக்கும் அவனைப் பார்க்கக் கூச்சம். என்ன பேசுவது, ஏதாவது சொன்னால் வருத்தப்படுவானோ என்று தள்ளிப் போட்டோம். ஒரு வருஷம் கழித்து அவன் வீட்டுக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

“பார்த்தீர்களா, நட்பு கைவிட்டுவிட்டதே!” என்று எதிரணி துள்ளும். துள்ளுங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவனுக்கும் வீடு இருந்தது. அம்மா இருந்தாள். ரசமும் சோறும் இருந்தது. எங்கள் வீடுகளில் இருந்த அத்தனையும் அவன் வீட்டிலும் இருந்தது. இல்லாமல் போனது நாங்கள் மட்டும்தான்! நட்பு எவ்வளவு பெரிய தாங்கல் என்று அந்தப் பூட்டிய கதவு எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஐயா.

ஆகவே, இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். வேலை கிடைத்தவர்களே, பழைய பெஞ்சுக்கு ஒரு தரம் திரும்பிப் போங்கள். “வேலை கிடைச்சுதா?” என்று கேட்காதீர்கள். “வா, டீ குடிப்போம்” என்று கூப்பிடுங்கள். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அனுப்புங்கள். தேர்வுக் கட்டணம் கட்டிக் கொடுங்கள். கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டவன் யாரோ, அவன் வீட்டுக்கு முதலில் போங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நண்பர்களோடு உட்கார்ந்திருந்தால் “வெட்டிப் பேச்சு” என்று விரட்டாதீர்கள். அவன் அங்கேதான் மூச்சு வாங்கிக்கொள்கிறான்.

நடுவர் அவர்களே! வீட்டுக்குள் விழாமல் பிடித்துக்கொள்வது குடும்பம். வாசலைத் தாண்டி நடக்க வைப்பது நட்பு. வேலை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே நட்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள்! தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வரலாற்று நண்பன் எங்காவது இருந்தால், அந்த டீக்கடை இப்போது இல்லையலே. ஆனால் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். வந்துவிடு.