பாம்பு பிடிக்கிற அண்ணன் பாடம் எடுக்கட்டும்!

(ஐ.டி. விங் பயிலரங்கில் நமது தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)

மீம் போடுற பையன் மைக் பிடிச்சிருக்கானேன்னு சிரிக்காதீங்க, சீக்கிரம் முடிச்சிடுறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்க வீட்டுக் கோழிக்கூண்டுல கண்ணாடி விரியன் புகுந்துடுச்சு. ஊர்ல இருந்த இருளர் அண்ணன் வந்தார். மண்ணுல தடம் பார்த்தே எந்த மூலைன்னு சொன்னார். பத்தே நிமிஷம், பிடிச்சுட்டார். குடிக்கத் தண்ணி கேட்டார். அவருக்குன்னு எங்க வீட்டுல தனி சொம்பு.

அந்த வாரம்தான் தீண்டாமையை ஒழித்த சட்டப்பிரிவு 17 பற்றி எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன். ஆனா வாயைத் திறக்கலை.

அந்த அண்ணனோட மக்கள் கதையை எந்த வகுப்புலயும் யாரும் எனக்குச் சொல்லலை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்னது. அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் தவிச்சாங்க. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இயங்குது. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுலயே விடுறாங்க. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில போடுற ஊசிமருந்து அந்த விஷத்துல இருந்துதான் தயாராகுது. 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போன மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சுது.

இது அறிவியல் பாடம் மட்டுமில்ல தோழர்களே, குடிமையியல் பாடம். ஒரு சட்டம் காட்டைக் காப்பாத்துது, அதே சட்டம் ஒரு சமூகத்தோட பிழைப்பையும் நிறுத்துது. அப்போ மக்கள் கூட்டுறவா சேர்ந்து, அரசு அனுமதியோட, தங்கள் அறிவாலேயே எழுந்து நிக்கிறாங்க. 2006 வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவு மேல பழங்குடிச் சமூகத்துக்கு உரிமை உண்டுன்னு சொல்லுது. அந்த உரிமையைக் கேட்கத் தொடங்குற இடம் கிராம சபை. சட்டம், கூட்டுறவு, கிராம சபை எல்லாமே இந்த ஒரு கதையில இருக்கு.

நம்ம கோரிக்கை மூணுதான்:

✅ இந்தக் கதை சமூக அறிவியல் புத்தகத்துல முழுப் பாடமா வரணும், ஓரத்துல பெட்டிச் செய்தியா இல்லை.
✅ இருளர் பெரியவங்களைப் பள்ளிக்கு அழைச்சு, மதிப்பூதியம் கொடுத்து, வகுப்பு எடுக்க வைக்கணும்.
✅ பாடத்துல என்ன எழுதணும்னு முதல்ல அவங்களைக் கேட்கணும்.

"அப்போ பாம்பு கடிச்சா பச்சிலையா?"ன்னு கமெண்ட்ல கேட்பாங்க. இல்லை. கடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான். அங்க மருந்து இருக்கிறதுக்கு யார் உழைப்பு காரணம்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

"பாம்பு புடிக்கிறவன் பையன்"னு கிண்டல் கேட்டுட்டுப் பள்ளியை விட்டு நிக்கிற ஒரு தம்பி, தன் அப்பா ஆசிரியர் இடத்துல நின்னு பேசுறதைப் பார்த்தா அடுத்த நாள் வகுப்புக்கு வருவான்.

இப்போ அந்த அண்ணன் வந்தா எங்க எல்லாருக்கும் உள்ள டம்ளர்லதான் தண்ணி. வீட்டுல சண்டை போட்டுத்தான் மாத்தினேன். எனக்கு அது புரிய பல வருஷம் ஆச்சு. நம்ம தம்பி தங்கச்சிங்க பள்ளிக்கூடத்துலயே கத்துக்கட்டும்.



#இருளர்அறிவு #குடிமைப்பாடம்