வணிகரும் நாணயமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம், தராசு பிடித்தறியேம். ஆயினும் இன்று பேசப் புகுந்த பொருள் ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றியதாதலின் துணிந்து நின்றோம். நாணயம் என்பதே அச்சொல். கையிற் புழங்கும் காசுக்கும், வாக்குத் தவறாமைக்கும் அஃதொன்றே பெயர். முன்னோர் காலத்தில் ஒருவருடைய நாணயத்தைக் கடைத்தெரு அறிந்திருந்தது. இன்னார் மகன் என்பதே ஈடாக நின்றது. இக்காலத்திலோ, அது நாம் காணாத ஏடொன்றில் எழுதப்படுகின்றது.

2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின்கீழ், சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் அவ்வேட்டைப் பேணி வருகின்றன. நாம் வாங்கிய கடனையும், தவணை கட்டிய நாளையும், கட்டாத நாளையும் பாங்கிகள் அவற்றிற்கு அறிவிக்கின்றன. தனி மனிதர்க்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுவர், மிக்கதே நன்று. கடன் பெற்ற நிறுவனங்கட்குச் சிபில் இடும் தரமோ 1 முதல் 10 வரையாகும். அங்கே ஒன்றே உயர்வு, பத்தே தாழ்வு.

‘கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு’ என்பர் நம்மவர். கணக்கெழுதும் முறைக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் தனியொருவர்க்கு உரிய கடையாயின், சட்டத்தின் கண்ணில் அவரும் கடையும் இருவர் அல்லர். வீட்டுக்கு வாங்கிய குளிர்பெட்டியின் தவணையை மறந்தவர், தீபாவளிச் சரக்குக்குக் கடன் கேட்கும்போது அம்மறதியின் பயனை நுகர்வார். கம்பெனியாக நடத்துவோரும் தப்பினாரல்லர்; பாங்கி பெரும்பாலும் அவர்தம் சொந்தப் பிணையையும் கேட்கும்.

பிணையைப் பற்றிச் சிறப்பாக ஒன்று கூறவேண்டும். மைத்துனர்க்கும் சம்பந்தி வீட்டார்க்கும் கையொப்பமிடுதலை உறவின் கடமையாகக் கொள்கின்றோம். இட்ட நாளோடு மறந்தும் விடுகின்றோம். அவர் தவணை தவறின் அக்குறை நம் பெயரிலும் ஏறும். கேட்டால் அவர் மனம் நோகுமென்று நாம் கேட்பதில்லை. அவரும் நாணத்தால் உரைப்பதில்லை. இருவர் மௌனமும் சேர்ந்து, மகளின் படிப்புக்கு நாம் கடன் கேட்கும் நாளில் பாங்கியின் கதவை அடைக்கின்றன. பாங்கி மறுத்தபின் செல்லுமிடம் நாள்வட்டிக்காரர் வாசலன்றோ? பிணை கொடுக்கலாகாதென்று யாம் கூறோம். ஒருவர்க்கொருவர் கைகொடுத்தே நம் கடைகள் பெருகின. கொடுத்தபின் கண்காணித்து வருக என்பதே எம் விண்ணப்பம்.

கண்காணித்தல் அரிதன்று. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை தனி மனிதர்க்கு முழு அறிக்கையை விலையின்றித் தருதல் வேண்டுமென்பது ரிசர்வ் பாங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கிடத்தும் பெற்றால் ஆண்டு முழுவதும் காவல் உண்டு. கம்பெனியின் அறிக்கையைத் தனியே வேண்டிப் பெறுக. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே காலத்தில் பல பாங்கிகளில் கடன் கேட்டாலோ குறையக்கூடும்.

அறிக்கையில் நோக்கத்தக்கவை மூன்று. நாம் வாங்காத கடன் நம் பெயரில் உளதா? அடைத்த கடன் இன்னும் நிலுவையாக நிற்கின்றதா? குறைத்துக் கொடுத்துத் தீர்த்த கடன் ‘செட்டில்டு’ என்று எழுதப்பட்டுள்ளதா? இது முழுதும் அடைத்ததற்கு நிகராகாது; பின்வரும் பாங்கி அதனைக் குறையாகவே கருதும். பிழை காணின் உடனே எழுதி முறையிடுக. 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிடின், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டுமென 2023 அக்டோபரில் ரிசர்வ் பாங்கி ஆணையிட்டது.

அன்பர்களே! இரவில் கல்லாவை எண்ணாமல் கடை அடைப்பவர் நம்முள் ஒருவருமிலர். அக்கருத்தில் ஒரு பங்கை இவ்வேட்டின்பாலும் செலுத்துவோமாக. கணினி பயின்ற நம் இளைஞர் இருவர், ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, முதியோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் அறிக்கை பெற்றுப் படித்துக்காட்ட நிருவாகிகள் ஏற்பாடு செய்வாராக. பிறர் கடனைப் பிறர் அறியாதபடி காப்பதும் அவ்விளைஞரின் கடமையாகும்.