சண்டை போடவாவது ஒரு சாமி வேண்டும்

துயரம் வரும்போது கடவுளை நம்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பலமா, பலவீனமா? பலவீனம்தான் என்று இருபது நிமிடம் முழங்கினார் எதிரணித் தலைவர். அறிவு போதும், தன்னம்பிக்கை போதும் என்றார். கைதட்டலும் வாங்கினார். அதோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், "அப்பாடா, முருகா!" என்றார். சட்டையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார் ஐயா, அரங்கம் முழுக்கக் கேட்டது! நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொண்டை வறண்டு, கால் சோர்ந்த அந்த நொடியில் அவர் வாயில் தன்னம்பிக்கை வரவில்லை, நியூட்டன் வரவில்லை, முருகன்தான் வந்தான். யோசித்தா கூப்பிட்டார்? சின்ன வயதில் யாரோ பழக்கிவிட்ட வார்த்தை, தானாக வந்துவிட்டது. ஒரு மேடைப் பேச்சின் களைப்புக்கே அவருக்கு ஒரு முருகன் தேவைப்படுகிறான். தகப்பனைப் பறிகொடுத்த பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் யாரும் வேண்டாமாம்!

கும்பிட்டால் கஷ்டமே வராது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள் என நாங்கள் வாதாடவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சந்தையில் லேகியம் விற்கப் போகலாம். கஷ்டம் வரும், வருகிற அன்று அழவும் கேட்கவும் திட்டவும் உனக்கு ஒருவன் இருக்கிறான் என்று சொல்லி வையுங்கள் என்பதே எங்கள் கட்சி. திட்டுவதா, சாமியையா என்று எதிரணி புருவத்தை உயர்த்துகிறது. சுந்தரர் என்ன செய்தார்? பிரிய மாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவர்மேல்தான். ஆனாலும் விட்டாரா மனுஷன்? கோயில் கோயிலாகப் போய் நின்று சாமியிடமே நியாயம் கேட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைத்தது. சரி, கிடைத்தவரை லாபம் என்று ஊருக்குப் போனாரா? மற்றது எங்கே என்று திருவாரூர் வரைக்கும் வந்து சண்டை பிடித்தார். அந்தச் சண்டையை நம் முன்னோர் மறைக்கவில்லை. ஏழாம் திருமுறை என்று தொகுத்து, ஓதுவாரை நிறுத்தி, சாமி காது கேட்கவே பாட வைத்தார்கள். சண்டை போட்டவருக்குத் தம்பிரான் தோழர் என்று பட்டமும் கொடுத்தார்கள். துக்கத்தில் கோபப்படவும் இடம் வைத்த நம்பிக்கை இது. உன்னை மட்டும் நம்பு என்று வளர்த்த பிள்ளை, எல்லாம் இடிந்து விழும்போது யாரைத் திட்டும்? தன்னைத்தான் திட்டிக்கொள்ளும். அன்றைக்கு அப்பாவை நான் கடைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால், அம்மாவிடம் நான் அடம் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று, சாவுக்கெல்லாம் தானே காரணம் என எண்ணிக் குமைவது குழந்தைகளின் இயல்பு. மனநல மருத்துவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு தோள் வேண்டும். தன்னம்பிக்கைக்குத் தோள் கிடையாது ஐயா.

சொல்லிக்கொடுப்பது என்றால் திண்ணையில் உட்கார்ந்து உபதேசம் செய்வதா என்று கேட்பார்கள். திருவாமூருக்கு வாருங்கள், சேக்கிழார் காட்டுகிறார். ஒரு வீட்டில் அப்பா புகழனார் போய்விட்டார், அம்மா மாதினியாரும் போய்விட்டார். மூத்த பெண் திலகவதிக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோனார் என்ற செய்தியும் வந்து சேர்கிறது. அந்தப் பெண் உயிரை விடத் துணிகிறாள். நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று காலைப் பிடிக்கிறான் சின்னத் தம்பி. தம்பிக்காக உயிரோடு இருந்தார் அந்த அக்கா. தம்பி மருள்நீக்கியார் வளர்ந்து, நிலையாமை மனத்தை அறுக்க, தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் வெட்டினார். அப்புறம் பதில் தேடிச் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். அக்கா பின்னாலேயே ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்தாரா? இல்லை. திருவதிகைக் கோயிலில் கூட்டி, மெழுகி, பூப்பறித்துக் கொடுத்துக்கொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டு இருந்தார். சூலை நோய் குடலைப் பிடுங்கிய ராத்திரி, தம்பி தானாக அக்கா வாசலுக்கு வந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை? கிடையாது. திருநீற்றைக் கையில் கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அந்தத் தம்பி பாடிய முதல் பதிகம் வாழ்த்தா? வலி தாங்கவில்லை என்ற முறையீடு! திருநாவுக்கரசர் என்று நாடு கொண்டாடும் பிள்ளையை வளர்த்தது, மூன்று சாவைப் பார்த்த பிறகும் விளக்குமாற்றைக் கீழே போடாத ஒரு அக்கா. அந்த இரவில் அவர் கை வெறுங்கையாக இருந்திருந்தால்? எதிரணி இதற்குப் பதில் சொல்லாமல் திருக்குறளுக்குப் போகும், எனக்குத் தெரியும். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி கூலி தரும் என்று ஆள்வினையுடைமையில் உள்ள 619-ஆம் குறளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். அதே புத்தகத்தின் முதல் அதிகாரமான கடவுள் வாழ்த்தைப் புரட்டாமல் அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட்டு வரட்டும்.

அடுத்த குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது, அதை மறைக்க மாட்டேன். கடவுளைச் சொல்லிக்கொடுத்தால் பாவத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பீர்கள், அம்மா செத்தது உன் கர்மவினை என்று பிள்ளை மனசில் ஆணி அடிப்பீர்கள் என்கிறார்கள். அடிப்பவர்கள் இருக்கிறார்கள். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பூகம்பம், ஆயிரக்கணக்கானவர்கள் பலி. காந்தியடிகள் அப்போது நம் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று நம் திருநெல்வேலிக் கூட்டத்தில்தான் பேசினார். உடனே அதை மறுத்து அறிக்கை விட்டவர் யார்? நாத்திகரா? கீதாஞ்சலி எழுதிய தாகூர்! கடவுளைப் பாடியே நோபல் பரிசு வாங்கிய கவிஞர், இயற்கையின் சீற்றத்தை மனிதனின் பாவத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றார். காந்தி தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். மதத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட்டும் இதே கோட்டைத்தான் போடுகிறார். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எண்ணும் நோயாளி மேலும் தேய்கிறார், கூட இருக்கிறார் என்று நம்புகிறவர் தேறி வருகிறார். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? சொல்லிக்கொடுப்பதை நிறுத்துவதா, சரியாகச் சொல்லிக்கொடுப்பதா? நீங்கள் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? துக்கம் கேட்க வருகிற ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே, போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஆளுக்கு முன்னால் நாம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் வகுப்பில் பெயர் கொடுக்க முடியாது.

நம்பிக்கை கையைக் கட்டிப் போடும் என்பது இன்னொரு பழைய பல்லவி. அந்தத் திருநாவுக்கரசராகிய அப்பர் கையில் என்ன இருந்தது? உழவாரப்படை! ஊர் ஊராகப் புல் செதுக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, சம்பந்தரும் அவரும் தங்களுக்குக் கிடைத்த காசை அடியார்களுக்குச் சோறாக்கினார்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பெற்றோர், எல்லாம் விதி என்று வீட்டில் உட்காரவில்லை. பத்து ஆண்டு நீதிமன்றத்துக்கு நடந்தார்கள், 2014-இல்தான் தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தது. கீற்றுக் கூரை மனிதன் செய்த தவறு, அதற்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அதே பெற்றோர் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பிள்ளைகளின் படத்துக்கு முன் விளக்கும் ஏற்றுகிறார்கள். வழக்கும் உண்டு, வழிபாடும் உண்டு, ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.

சுனாமியில் உங்கள் கடவுள் எங்கே போனார் என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களையும் அலை கொண்டுபோனது. ஏன் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. எதிரணியிடம் இருக்கிறதா? சுமத்ரா பக்கம் கடலடியில் நிலத்தட்டு நகர்ந்தது என்பார்கள். அருமையான பதில், பள்ளிக்கூடத்தில் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கும் தாய் பக்கத்தில் போய் அதைச் சொல்லிப் பாருங்களேன், திரும்பி வருகிறீர்களா பார்ப்போம்! அந்த நாட்களில் நாகூர் தர்கா இறந்தவர்களை அடக்கம் செய்ய, மதம் பார்க்காமல் இடம் கொடுத்தது. ஒவ்வொரு டிசம்பர் 26-இலும் கரையோர மக்கள், கொன்ற அதே கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுகிறார்கள். அலையைப் பார்க்காத பிள்ளைகளும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். துக்கத்தை எப்படித் தூக்கிக்கொண்டு வாழ்வது என்று அவர்களுக்கு அங்கே பாடம் நடக்கிறது.

நடுவர் அவர்களே, பலமே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். அதற்கு முன் அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். தாயை இழந்த பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறது, வீடே தூங்குகிறது. அது யாரிடம் பேசும்? பெயரைச் சொல்லுங்கள், நான் தோல்வியை ஒப்புக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.