மேகத்தை ஊடுருவிய அரியலூர்ப் பெண்

(கிரானுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து இறங்கி எங்கட கிரானுக்கு வந்திருக்கிறீர்கள். வழியில் வாவியையும் வயலையும் பார்த்திருப்பீர்கள். மாரியில் வந்திருந்தால் எது வாவி, எது வயல் என்றே தெரியாது. 2011 ஜனவரியில் இந்த மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூடியது. எவ்வளவு வயல் தண்ணீருக்குள் கிடக்குது என்று மேலேயிருந்து பார்க்கலாம் என்றால், வானம் முழுக்க மேகம். மேகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறது யார் என்றே தெரியாத இடத்துக்காரர் நீங்கள்.

அப்படிப்பட்ட மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் செய்மதி ஒன்றைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்ப் பெண். என். வளர்மதி. 1959இல் தமிழ்நாட்டு அரியலூரில் பிறந்தவர். அங்கேயே பள்ளிக்கூடம் போய், கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து, 1984இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய ரிசாட்-1 செய்மதி 2012 ஏப்ரல் 26ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. கணக்குப் பாருங்கள், 28 வருடம்! அதற்குள் எத்தனையோ செய்மதிகளில் வேலை செய்து பழகியிருந்தார்.

ரிசாட்டின் எடை 1,858 கிலோ. சாதாரணச் செய்மதி கமரா மாதிரி, அதற்குச் சூரிய வெளிச்சம் வேணும். இது அப்படியில்லை. தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிப் படமாக்கும். இருட்டில் வௌவால் பறக்குதே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். இரவும் மேகமும் அதைத் தடுக்காது. அசையாமல் கிடக்கும் தண்ணீரில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். அதனால் வெள்ளம் நின்ற இடம் படத்தில் கறுப்பாக விழும். நெல் விளைச்சலைக் கணிக்கவும் இந்தப் படங்கள் உதவின. அந்தச் செய்மதி இப்போது இயங்குவதில்லை. அதே வகைச் செய்மதி ஒன்றை 2022இல் மேலே அனுப்பினார்கள்.

திட்டப் பணிப்பாளர் என்றால் சும்மா பதவியில்லை. ஒரு கம்பி தளர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 500 கிலோமீற்றருக்கு மேலே போனபிறகு ஏணி வைத்து ஏறித் திருத்த ஏலுமா? அந்த நிறுவனத்தில் அவருக்கு முன்னர் செய்மதித் திட்டமொன்றுக்குத் தலைமை தாங்கிய பெண் டி.கே. அனுராதா ஒருவர்தான். 2015இல் தமிழ்நாடு அரசு அப்துல் கலாம் விருதை ஏற்படுத்தியபோது முதலாவதாகப் பெற்றவர் வளர்மதி.

“பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு, சாதாரண தரம் முடிஞ்சா கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிடலாம்” என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கஷ்டம் எனக்கு விளங்குது. ஒரு சம்பளம் வந்தால் அடுப்பு எரியும். ஆனால் பொறியியலுக்குப் போகிற பாதை உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற மூன்று பாடங்களால்தான் திறக்குது. பல தோட்டப் பாடசாலைகளில் அந்த வகுப்பே கிடையாது. பிள்ளைக்குக் கணக்கு வரும் என்றால், பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்தப் பாடசாலையில் கணிதப் பிரிவு இருக்கு, தங்க விடுதி இருக்கா என்று அதிபரிடம் இப்போதே போய்க் கேளுங்கள். பேராதனை மட்டுமில்லை, இந்தக் கிழக்குக் கரையில் ஒலுவிலிலும் பொறியியல் பீடம் இருக்கு. மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அதிபரிடம் அவளே கேட்கட்டும்.