கணிப்பொறி போட்ட சிறுநீரகக் கணக்கு



நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் முதலியன ஒருநாள் மருந்தில் தீர்வன அல்ல. ஆண்டுக்கணக்கில் அளவுகளைக் கவனித்து, அடுத்துச் செய்யவேண்டியதை மருத்துவருக்குக் கணிப்பொறி உணர்த்தும் முறை இன்று பெருகிவருகிறது. நாம் அதனை வரவேற்கிறோம். எனினும் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்னும் கழிவின் அளவு, வயது, பால் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிப்பர். ஆய்வுக்கூடக் கணிப்பொறியே கணக்கிட்டு அறிக்கையில் அச்சிட்டுவிடும். 1999-இல் வந்த வாய்பாடு, நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை ஏறத்தாழ 1.2 ஆல் பெருக்கச் சொல்லிற்று. 2009-இல் வந்தது 1.159 ஆல். அவர்களுக்குத் தசை மிகுதி என்பது கூறப்பட்ட காரணம். ஓரினத்தார் அனைவருக்கும் ஒரே அளவுத் தசையா? மூட்டை சுமப்பவர்க்கும் ஏடெழுதுபவர்க்கும்கூட ஒன்றாகாதே!

விளைவு யாது? ஒருவரது திறன் நிமிடத்துக்கு 18 மில்லிலிட்டர் எனக் கொள்வோம். 1.159 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 21. டயாலிசிஸ் தொடங்காதவர்க்கு, 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படும். நோய் ஒன்றே; கறுப்பர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார்.

இதனை எதிர்த்து வினா எழுப்பியோருள் மருத்துவ மாணவர்களும் இருந்தனர். இங்குள்ள மாணவர்கள் குறித்துக்கொள்க. 2021-இல் இனம் கேளாத வாய்பாடு வந்தது. இழந்த காத்திருப்பு நாள்களைக் கறுப்பின நோயாளிகளுக்குக் கணக்கிட்டுத் திருப்பித் தருமாறு 2023 சனவரியில் மாற்று அறுவை மருத்துவமனைகள் பணிக்கப்பட்டன.