சின்னஞ்சிறு உதவியும் மலர்ந்த முகமும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மக்களின் நேசத்தைப் பெறும் எளிய வழிகள் என்னும் தலைப்பை எனக்குத் தந்துள்ளார்கள். தலைப்பைக் கண்டதும் சற்றுத் தயங்கினேன். பிறர் நம்மை நேசிக்க வேண்டும் என்று கணக்கிட்டு நடப்பவன், எப்போது ரியா என்னும் முகஸ்துதியின் வாசலில் கால் வைத்தான் என்பதை அவனே அறியமாட்டான். ஆகவே நேசத்தைத் தேடும் வழியை விட்டுவிட்டு, நேசத்திற்குரிய நடத்தை எது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் ஸூரத்துல் மாஊன். ஏழே வசனங்கள். நம் பிள்ளைகள் மக்தபில் முதலில் மனனம் செய்யும் ஸூராக்களில் ஒன்று. அநாதையை விரட்டுபவனைப் பற்றித் தொடங்கி, பிறர் பார்ப்பதற்காகத் தொழுதுகொண்டு, அற்பமான பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்து அது முடிகிறது. அந்த அற்பப் பொருள்தான் மாஊன். கோடரி, சட்டி, வாளி போன்று மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக் கொள்ளும் பொருள்களே மாஊன் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கியதாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. ஒரு வாளியை இரவல் தர மறுப்பதும், போலித் தொழுகையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நம் தெருவில் இன்று அது ஏணியாக இருக்கலாம், கல்யாண வீட்டுக்குத் தேவைப்படும் தேக்சாவாக இருக்கலாம், நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு மோட்டார் சைக்கிளாகவும் இருக்கலாம்.

அடுத்து, முகம். 80ஆவது அத்தியாயமாகிய அபஸ, ஒரு முகச்சுளிப்பைப் பற்றியே தொடங்குகிறது. குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்த வேளையில் கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து இடையே கேள்வி கேட்டார்கள். நாயகம் அவர்களின் திருமுகம் சற்றே மாறியது. வந்தவரோ பார்வையற்றவர், அம்மாற்றத்தைக் கண்டிருக்க முடியாது. ஆயினும் இறைவசனம் இறங்கியது. அதன் பின்னர் நாயகம் அவர்கள் அவரை மிகவும் கண்ணியப்படுத்தி, தாம் மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் அவரைத் தம் பிரதிநிதியாகவும் நியமித்தார்கள். பார்க்க இயலாதவரிடம் காட்டிய கடுமையே பதிவாகிறது என்றால், பார்த்துக்கொண்டே இருப்பவரிடம் நாம் காட்டும் கடுமை?

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணியைச் சில நாட்களாகக் காணவில்லை என்று நாயகம் அவர்கள் விசாரித்த நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் இறந்துவிட்டார் என்றார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்கே சென்று தொழுதார்கள். வந்தவரை உபசரிப்பது எல்லோருக்கும் இயலும். வராதவரை நினைவில் வைப்பதுதான் அரிது.

இதைச் சொல்லும்போது என் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றினேன். அங்கு ஒரு தையற்காரர், எளியவர், இரண்டாம் ஸஃப்பில் தூண் ஓரமாக நிற்பார். சில மாதங்களாக அவரைக் காணோம். சந்தா பாக்கிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதை ஜும்ஆவுக்குப் பின் வாசித்தவனும் நானே. வேறொரு நோயாளியைக் காண மருத்துவமனைக்குச் சென்றபோது அடுத்த கட்டிலில் அவரைக் கண்டேன். முதுகெலும்பில் நோய்; நெடுநாளாக உட்கார்ந்து தைக்க இயலவில்லை. கோபமே இல்லாமல் சொன்னார்: "ஹஸ்ரத், சந்தா கேட்டு ஆள் வந்தாங்க. ஏன் வரலேன்னு கேட்டு யாரும் வரலே." அதன் பிறகு எந்தப் பட்டியலையும் நான் வாசித்ததில்லை.

நம்மூரை ஒட்டி ஓடும் வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்று பறங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கடல் பொங்கி எழுந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சின்னூர், புதுப்பேட்டை, அன்னங்கோவில், சாமியார்பேட்டை முதலிய மீனவக் குப்பங்கள் சிதைந்தன. உடுத்திய துணியோடு ஓடிவந்த அம்மக்களுக்குப் பறங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அன்று நடைபெறவிருந்த திருமணத்திற்கென ஆக்கிய உணவு அம்மக்களுக்குப் பரிமாறப்பட்டது. தொடர்ந்து பல நாட்கள் ஜமாஅத்தின் சமையல் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்து மீனவச் சகோதரர்கள். யார், எவர் என்று கேட்டுச் சோறு போடவில்லை. அரசின் உதவி வந்து சேரும் முன்னரே இலை போடப்பட்டுவிட்டது என்பதுதான் இதில் நான் பெரிதாகக் கருதுவது. நிவாரணக் குழு அமைத்து, தீர்மானம் இயற்றி, ரசீது அச்சடித்த பிறகு பரிமாறியிருந்தால் அது உதவியாக இருந்திருக்கும், பசி காத்திருந்திருக்காது.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் அவர்கள் எழுந்து நின்றார்கள். அவரும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதிலும் சொன்னார்கள். பறங்கிப்பேட்டையார் இதைப் பயானில் மட்டும் கேட்டவர்களாக இருக்கவில்லை.

சுனாமி நாள்தோறும் வருவதில்லை. ஆனால் அத்தகைய நாளில் கதவைத் திறக்கும் பழக்கம், சாதாரண நாட்களில் குழம்பில் சிறிது தண்ணீர் சேர்த்து அண்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவதில்தான் உருவாகிறது. அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் கற்றுத் தந்ததும் அதையே. இக்காலத்தில் குழம்பு குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடுகிறது. அது வேறு விஷயம்.

நிர்வாகப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்களை மட்டும் வைக்கிறேன். இரண்டு ஜும்ஆ தொடர்ந்து ஒருவரைக் காணவில்லையெனில், ஸஃப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர் வீடு வரை சென்று வரட்டும். கணவரை இழந்தோர், மகன் வெளிநாட்டில் இருப்போர் வீடுகளாயின் நம் தாய்மார்கள் சென்று வரலாம். சந்தா வசூலுக்குச் செல்லும் சகோதரர், ரசீதுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு, பதில் முழுவதையும் நின்று கேட்டுவிட்டு வரட்டும். பதில் வருத்தமானதாக இருப்பின், அன்று ரசீது எழுத வேண்டாம்.

வஸ்ஸலாம்.